எருசலேம் மேற்குச் சுவர் சாலொமோன் கட்டியதா?

எருசலேமில் யூதர்கள் நின்று ஜெபிக்கும் மேற்குச் சுவரின் படத்தைப் போட்டு, "சாலொமோன் ராஜா கட்டிய ஆலயத்தில் மிஞ்சியது இதுதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

சாலொமோன் ஏழு ஆண்டுகளில் கட்டி முடித்ததாக வேதாகமம் சொல்லும் ஆலயத்தை கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எரித்துவிட்டார்கள். படத்தில் இருப்பது ஆலயச் சுவரே அல்ல. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஏரோது மன்னன், ஆலய வளாகத்தை அகலப்படுத்தத் தொடங்கிய வேலையில் எழுந்த தாங்குசுவர். அதையும் அவன் முடித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது: சுவரின் தென்கோடியில் அடியில் கிடைத்த காசுகளில் சில கி.பி. 17 வாக்கில் அச்சிடப்பட்டவை. ஏரோது இறந்ததோ கி.மு. 4-ல்! மேலே தெரியும் சின்னக் கற்கள் இன்னும் பிந்தியவை.