புல்டோசருக்கு முன்னால் வரும் காகிதம்

'நோ அதர் லேண்ட்' ஆவணப்படத்தைப் பார்த்த நண்பர்கள் வீடுகள் இடிபடுவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட உறைத்தது கார்களின் நம்பர் பிளேட். படத்தை இயக்கிய நால்வரில் பாசெல் அத்ரா பாலஸ்தீனர், யுவல் ஆப்ரஹாம் இஸ்ரேலியர். இஸ்ரேலிய மஞ்சள் பிளேட் காரில் யுவல் இரவு வீட்டுக்குப் போய்விடலாம். பச்சை பிளேட்காரரான பாசெல் அனுமதிச் சீட்டு இல்லாமல், இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையைத் தாண்ட முடியாது.

படம் நடப்பது அங்கே, ஹெப்ரோன் நகருக்குத் தெற்கே உள்ள மசாஃபர் யாட்டா கிராமங்களில். அந்தப் பகுதியை 1980களில் இஸ்ரேல் இராணுவம் 918ஆம் எண் துப்பாக்கிப் பயிற்சிப் பகுதியாக அறிவித்தது. அதன்பின் அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டால் கிடைக்காது. அனுமதி இல்லாமல் கட்டினால் சட்டவிரோதம், ஆகவே இடிக்கலாம். ஆட்டுக்கொட்டகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதே கதிதான். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் வெளியேற்றத்துக்கு வழிவிட்டது.

இதைச் செய்திக் கேமராவால் காட்ட முடியாது. அது இடிக்கும் நாளில் வந்து அன்று மாலையே கிளம்பிவிடும். மறுநாளும் அங்கேயே இருக்கும் பாசெல் போன்றவனால்தான், வீடு போன குடும்பம் மெத்தையையும் பாத்திரங்களையும் குகைக்குள் அடுக்குவதைப் படம்பிடிக்க முடிகிறது. ஜெனரேட்டரைப் பறிக்க வந்த சிப்பாய்களிடம் அதை விடாமல் பிடித்துக்கொண்ட ஓர் இளைஞர் சுடப்படுகிறார். அது சில நொடிகள். கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன மகனைக் குகைத் தரையில் வைத்துத் தாய் பராமரிப்பதோ மாதக்கணக்கில் நீள்கிறது. ஆக்கிரமிப்பு என்பது அந்த மாதங்கள்தான் என்பேன்.

"மறுதரப்பைக் காட்டவில்லையே" என்று ஒருவர் கேட்டார். இடிப்பு உத்தரவோடு வந்து நிற்கும் அதிகாரி யாராம்? மறுதரப்பு படம் நெடுகப் பேசிக்கொண்டேதான் இருக்கிறது, அதுவும் சட்டத்தின் மொழியில்.

2025 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலை, அதே வட்டாரத்துச் சூசியா கிராமத்தில் இஸ்ரேலியக் குடியேறிகள் தாக்கினார்கள். இராணுவம் அடிபட்டவரையே பிடித்துக்கொண்டு போய் மறுநாள் விட்டது. விருது வாங்கிய படத்துக்கு அமெரிக்காவில் பெரிய விநியோகஸ்தர் எவரும் முன்வரவில்லை. கலைச் சுதந்திரம் பற்றி நமக்கு வகுப்பெடுக்கும் நாடு அது!

இந்த வகைப் படங்களுக்குப் புதியவர்கள் 'ஃபைவ் புரோக்கன் கேமராஸ்' படத்திலிருந்து தொடங்கலாம். மேற்குக் கரையின் பிலின் கிராமத்து விவசாயி எமாத் புர்னாத் 2005இல் கடைசி மகன் பிறந்தபோது வாங்கிய கேமரா, ஊரின் ஒலிவ நிலத்தை இஸ்ரேல் எழுப்பிய தடுப்பு வேலி விழுங்குவதைப் பதிவுசெய்யப் போனது. அடுத்தடுத்து ஐந்து கேமராக்கள் உடைந்தன. அவற்றில் ஒன்று அவர்மேல் பாயவேண்டிய குண்டை வாங்கிக்கொண்டது.