சும்மாதானே இருக்கே, மொய் எழுது

போன வாரம் மேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. அம்மா வழிச் சொந்தம். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சின்னம்மா என் கையைப் பிடித்து நேராக மொய் மேஜைக்குக் கூட்டிப்போனார். "சும்மாதானத்தா இருக்க, நீயே எழுதிரு. ஒன் கையெழுத்து நல்லாருக்கும்" என்றார்.

எங்கள் பக்கம் இப்போது நிறைய விசேஷங்களில் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. பேர் சொன்னதும் சீட்டு அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நோட்டில்தான் நம்பிக்கை. ஒரு நீள நோட்டு, முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, பணத்தை வாங்கி எண்ணிப் பையில் போட பக்கத்தில் ஒரு மாமா. இந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் அதன் சூட்சுமம் தெரியும். ஒரே ஊரில் நாலு கருப்பையா இருப்பார்கள். அப்பா பேர், தெரு, பட்டப்பேர் எல்லாம் கேட்டு எழுதவில்லை என்றால் நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது பெரிய மனத்தாங்கல் வந்துவிடும். வயதானவர்கள் சொல்வது மைக் சத்தத்தில் காதில் விழாது. எழுந்து குனிந்து கேட்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள் மூன்றரைக்குத்தான் எழுந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதிக்கொண்டே வந்தேன். மாமா பையைக் கொட்டி எண்ணி முடித்தபோது நோட்டும் பணமும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போயின. மாமா ரொம்பச் சந்தோஷப்பட்டார். கடைசிப் பந்தியில் எனக்கு அவரே நின்று பரிமாறினார். அதே மாமா, பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா? வேற ஒண்ணும் பாக்கலையா?"

அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஆறரை மணி நேரம் நான் செய்ததை அவர் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகும் நான் அவருக்குச் 'சும்மா இருக்கிற பிள்ளை'தான். அன்றிலிருந்து இந்த 'சும்மா' என்கிற சொல் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீடு ஒத்தக்கடையில், யானைமலைக்குக் கீழே. பி.எஸ்சி. கணிதம், கொரோனா வருடத்தில் முடித்தேன். அதிலிருந்து அரசு வேலைக்காக டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். இரவு இரண்டு மணிக்குப் போய்விட்டுக் காலை பத்து மணிக்கு வருவார். வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். வீடு ஒரே அறை. நான் வாய்விட்டுப் படித்தால் அவர் தூக்கம் கெடும். முதல் இரண்டு வருடம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பள்ளிப் புத்தகத்தையும் படித்தேன். தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள்.

2023 ஜூலை 15-ல் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அதைப் பற்றி யாருக்கு என்ன அரசியல் கருத்து இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு அது உட்கார ஓர் இடம் கொடுத்தது. ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கே மாறி நத்தம் ரோடு, சாயங்காலம் அதே மாதிரி திரும்ப. தினமும் நாலு பேருந்து. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் இது நடக்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மாவிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். கேட்டால் அம்மா கொடுப்பார்தான். எத்தனை நாள் கேட்பது?

வழக்கமாக நான் உட்காரும் மேஜையில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் பெண்கள். ஒருவர் உசிலம்பட்டியிலிருந்து வருகிறார். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, மூன்று மணிக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிடுவார். இன்னொரு தங்கச்சி விடியற்காலை டைப்ரைட்டிங் முடித்துவிட்டு நேரே வருவாள். லோயர் முடித்துவிட்டாள், ஹையர் போய்க்கொண்டிருக்கிறது. மதியம் எட்டு டப்பாவும் கீழே ஒன்றாகத் திறக்கும். புளிச்சோறு, தயிர்ச்சோறு, யார் வீட்டிலாவது முந்தின நாள் மீன் குழம்பு. சாப்பிடும்போதும் ஒருவர் நடப்பு நிகழ்வுகளை வாசிப்பார். இதற்குப் பேர் சும்மா இருப்பதா?

குரூப் 4 எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ், மீதி பொது அறிவும் கணக்கும். கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் மட்டும்தான் வட்டத்தை நிரப்ப வேண்டும். நாலு விடைகளோடு ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: விடை தெரியவில்லை. தெரியாத கேள்வியைச் சும்மா விட்டுவிட முடியாது. தெரியவில்லை என்பதையும் கறுப்பு மையால் நிரப்பிக் காட்ட வேண்டும். கடைசியில் எந்த எழுத்தை எத்தனை முறை நிரப்பியிருக்கிறோம் என்று எண்ணி எழுத வேண்டும், கூட்டினால் 200 வர வேண்டும். அந்த நேரத்தில் விரல் நடுங்கும். என் பக்கத்தில் எழுதிய ஓர் அண்ணன் எண்ணிக்கை உதைக்கிறது என்று மூன்று முறை முதலிலிருந்து எண்ணினார். நெற்றி வேர்வை தாளில் விழுந்துவிடாமல் தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு எண்ணினார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

2024 ஜூன் 9 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். இடங்களைப் பிறகு கூட்டினார்கள். அப்படியும் எனக்கு மூன்று கேள்வியில் போயிற்று. ஒரு கேள்விக்கு ஒன்றரை, ஆக நாலரை மதிப்பெண். 2025 ஜூலை 12-ல் திரும்ப எழுதினேன், அதுவும் அமையவில்லை. இடையில் தனியார் நிறுவனங்களுக்கும் போகாமல் இல்லை. "நாங்களே கூப்பிடுறோம்" என்ற இடங்கள் உண்டு. பயிற்சிக் கட்டணம் கட்டினால்தான் வேலை என்ற ஓர் இடமும் உண்டு. அவற்றை விரித்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்குத் தோல்வியைவிடக் கனமாக இருந்தது காத்திருப்புதான். நான் முதன்முதலில் எழுதியது 2022 ஜூலை 24-ல். முடிவு வந்தது 2023 மார்ச் 24. சரியாக எட்டு மாதம். அத்தனை லட்சம் தாள்களைத் திருத்த நேரம் ஆகத்தான் செய்யும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தை எப்படி வாழ்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அடுத்த தேர்வுக்குப் படிப்பதா, வேலை ஏதாவது தேடிக்கொள்வதா, வீட்டில் பேசும் வரனுக்குத் தலையாட்டுவதா? ஒவ்வொரு நாள் காலையிலும் இந்த மூன்று கேள்வியும் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும்.

நான் சினிமா பைத்தியம். அதனால் கேட்கிறேன், இந்தக் காத்திருப்பை நம் சினிமா எங்கே காட்டியிருக்கிறது?

வேலை தேடுகிறவன் கதை என்றதும் எல்லோருக்கும் 2014-ல் வந்த 'வேலையில்லா பட்டதாரி' ஞாபகம் வரும். நானும் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. தனுஷ் வீட்டில் திட்டு வாங்கும் காட்சிகள் அப்படியே எங்கள் வீடு. ஆனால் கதையைக் கவனியுங்கள். அம்மா இறந்துபோகிறார், அவருடைய நுரையீரல் பொருத்தப்பட்ட பெண் மூலமாக மகனுக்கு வேலை வருகிறது. அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பட்டதாரிக்கு யாரும் கதவு திறக்கவில்லை. முதலில் பார்த்தபோது அழுதேன். பின்னால் யோசித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பெரிய துயரமோ ஒரு பெரிய தற்செயலோ வந்தால்தான் வேலை என்றால், ஒன்றும் நடக்காத வீடுகளில் இருக்கிற நாங்கள் என்ன செய்வது?

அப்பாவுக்குப் பிடித்தது 1980-ல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு'. டெல்லியில் வேலை தேடும் கமல், சாப்பாடு இல்லாமலே சாப்பிடுவதுபோல் நடிக்கும் காட்சி. கடைசியில் அவர் முடிதிருத்தும் வேலையில் நிற்பார். அதை மட்டும் அப்பா ஒவ்வொரு முறையும் வாய் திறக்காமல் பார்ப்பார். பசியை அவ்வளவு நேரம் காட்டத் துணிந்தார்கள் என்பதற்காகவே எனக்கு அது பெரிய படம். இரண்டு படத்துக்கும் நடுவில் முப்பத்து நாலு வருடம். இரண்டிலும் வேலை தேடுகிறவர் ஆண். தமிழ்நாட்டில் அரசு நேரடி நியமனத்தில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, தேர்வுக்கூடத்து வாசலில் பாதிக் கூட்டத்துக்குமேல் பெண்கள் நிற்கிறார்கள், வெளியே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவனோ அம்மாவோ காத்திருக்கிறார்கள். அந்த வாசலை முழுக்கதையாக ஒரு படத்திலாவது பார்க்க எனக்கு ஆசை.

சீரியல்களில் கதாநாயகி படிக்கிறாள்தான். ஆனால் அவள் படித்தால் கலெக்டர். அதற்குக் குறைந்து ஒரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் மேஜையில் எட்டுப் பேருக்கும் கனவு இளநிலை உதவியாளர், தட்டச்சர், வி.ஏ.ஓ. அந்தக் கனவு சின்னது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாதம் பிறந்தால் சம்பளம், அப்பாவுக்கு இரவில் தூக்கம், அம்மாவுக்குத் தனியாக ஒரு சமையலறை. நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

அப்புறம் மதுரை. எங்கள் ஊரைக் காட்டினால் அரிவாள், இல்லையென்றால் டீக்கடையில் வெட்டியாக உட்கார்ந்திருக்கும் நாலு பையன்கள். அந்தப் பையன்கள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு காட்சி வைக்கக்கூடாதா? என் சித்தப்பா மகன் டிப்ளமோ முடித்தவன். பத்து மணிக்கு வீட்டில் இருந்தால் அவனைப் பார்க்கும் அம்மாவுக்குக் கஷ்டம் என்பதற்காகவே டீக்கடைக்குப் போகிறவன்.

நான் சொல்வது ஆச்சரியமாக இருக்கலாம், எங்களை நிஜமாகப் புரிந்துகொண்ட ஒரே நடிகர் எங்கள் ஊர்க்காரர் வடிவேலுதான். அவர் நடித்த ஆட்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஏதோ ஒரு வேலைக்கு அலைகிறவர்கள், கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபடுகிறவர்கள், வேலை இருப்பதுபோல் ஊருக்குக் காட்டிக்கொள்கிறவர்கள். அடி வாங்கியும் மறுநாள் தலைசீவிக் கிளம்பிவிடுவார்கள். தேர்வு முடிவு வந்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் யாரும் ஆறுதல் வார்த்தை எழுதவில்லை. எல்லோரும் வடிவேலு முகத்தைத்தான் அனுப்பினோம். அன்றைக்கு அழுகை நின்றது அதனால்தான்.

ரீல்ஸில் வரும் தன்னம்பிக்கைப் பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. "நாலு மணிக்கு எழுந்தால் ஜெயிக்கலாம்" என்கிறார்கள். என் அப்பா இருபது வருடமாக ஒன்றரை மணிக்கு எழுகிறவர். பயிற்சி மையங்களின் பேனரில் மாலை போட்ட முகங்களைப் பார்க்கும்போதும் மனசு கலங்குகிறது. தேறியவர்களின் உழைப்புக்கு அந்த மாலை தகும். தேறாத லட்சக்கணக்கானவர்களும் அதே புத்தகத்தை அதே அட்டை கிழியக் கிழியத்தான் படித்தார்கள்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. அதற்குள்தான் அப்போது ரீகல் தியேட்டர் இருந்தது. அப்பா வாலிபத்தில் அங்கே இங்கிலீஷ் படம் பார்த்தவர். பகலில் அது படிப்பகம், சாயங்காலம்தான் படம் என்பார். பகலெல்லாம் பேப்பரில் வேலை விளம்பரம் பார்த்தவர்கள் அப்படியே மாலைக் காட்சிக்கு நின்றதும் உண்டாம். படிக்கிறவனும் படம் பார்க்கிறவனும் ஒரே ஆளாக இருந்த கட்டிடம் எங்கள் ஊரில் இருந்திருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து இதை எழுத நினைத்தேன்.

என் நட்பில் குறும்படம் எடுக்கிற தம்பிகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உதவி இயக்குநராகச் சென்னைக்குப் போன ஓர் அண்ணனும் இருக்கிறார். தயவுசெய்து ஒருநாள் எங்கள் நூலகத்துக்கு வாருங்கள். கேமரா வேண்டாம். எங்கள் மேஜையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பாருங்கள். உசிலம்பட்டி அக்கா மூன்று மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பாருங்கள். டைப்ரைட்டிங் தங்கச்சி தூங்காமல் இருக்க முகம் கழுவிவிட்டு வருவதைப் பாருங்கள். சாப்பாடு கொண்டுவர வேண்டாம், எட்டு டப்பாவில் ஒன்பதாவது ஆளுக்கு எப்போதும் இருக்கும். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்றைக்கு எங்களுக்கு மாதிரித் தேர்வு.