துறவி கிளாவுஸின் உடல் குகையில் இல்லை

“சுவிஸ் புனிதர் கிளாவுஸ் மனைவிக்குத் தெரியாமல் இரவோடிரவாகக் குகைக்கு ஓடினார், அழியாத உடல் இன்றும் அங்கே” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

1467 அக்டோபர் 16-ல், 10 பிள்ளைகளின் தாயான மனைவி டோரத்தேயாவின் சம்மதத்தோடுதான் அவர் வீட்டை விட்டார். தங்கியதும் குகையில் அல்ல. வீட்டிலிருந்து சில நிமிட நடையில், ரான்ஃப்ட் பள்ளத்தாக்கில் ஊரார் கட்டித் தந்த மர அறை அது. நிமிர்ந்து நிற்கக்கூட உயரம் போதாது. ஒரு சிறு ஜன்னல் ஒட்டியுள்ள சிற்றாலயத்தின் பீடத்தைப் பார்க்கும், மற்றொன்று வெளியே. இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

1487 மார்ச் 21-ல் இறந்தார். எலும்புகள் சாக்செல்ன் என்ற ஊரின் பங்கு ஆலயத்தில் உள்ளன. முழு உடல் எங்கும் இல்லை. புனிதர் பட்டம் 1947-ல். சுவிட்சர்லாந்து வரலாற்று அகராதியில் சரிபார்க்கலாம். இனி அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.