நாற்று நடும் முன் வாய்க்கால் வெட்ட வேண்டும்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் நாற்றை லட்சக்கணக்கில் நட்டால் கார்பன் சேமிப்பும் பெருகும், அந்தச் சேமிப்பைக் கணக்கிட்டு விற்று வருமானமும் வரும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. சரி, ஆனால் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே!

பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள அலையாத்திக் காடு. 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்டு, வெட்டிய இடம் காய்ந்து தொட்டி போலத் தாழ்ந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி உப்பாகிக்கொண்டே போனது. அங்கே எந்த நாற்று பிழைக்கும்? அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில், நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டின. ஓதம் வந்து போகத் தொடங்கியது, உப்பு குறைந்தது. பிறகுதான் நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் பிழைத்தது.

பிடித்ததைப் போடும் பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரை அங்கே பார்த்திருக்கிறேன். இந்தக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. கார்பன் பணம் வருமென்றால் அவர்களுக்கு அதில் எவ்வளவு? கொள்ளிடத்தில் நன்னீர் குறைந்து உப்பு கூடினால், சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி மரம் என்னாகும்? அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுங்கள்.