எடுத்தால் எடுத்தோம் என்று சொல்லுங்கள்

2022 ஏப்ரலில் சென்னையில் மாஸ்க் கட்டாயமாக இருந்ததா, இல்லையா? பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதமாகச் சொல்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சொல்ல வேண்டியவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் என் கட்சி.

அந்த மார்ச் 31ஓடு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டிருந்த கொரோனா கட்டுப்பாடுகள் முடிந்தன. மகாராஷ்டிரா, அவர்கள் புத்தாண்டான குடி பாட்வா முதல் மாஸ்க் போடுவது அவரவர் விருப்பம் என்று அறிவித்தது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. நம் மாநில அரசு சொன்னது வேறு மாதிரி: அபராதம் வாங்க மாட்டோம், ஆனால் மாஸ்க்கை விட்டுவிடாதீர்கள். விதி இருக்கிறதா, போய்விட்டதா? ஜனங்கள் தங்களுக்குத் தோதாகப் புரிந்துகொண்டார்கள். மூன்று வாரம் போவதற்குள் ஐஐடி வளாகத்தில் தொற்று கிளம்பியது, மறுபடியும் 500 ரூபாய் அபராதம் என்றார்கள். ஜூலையில் மாநகராட்சி அதையே இன்னொரு முறை சொன்னது.

அந்த 500 ரூபாய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1939ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தி, மாஸ்க் இல்லையென்றால் 200 என்று ஆரம்பித்தார்கள். 2022 ஜனவரியில் 500 ஆக்கினார்கள். அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தல்! வேட்பாளர்கள் தெருத்தெருவாக வந்தார்கள், கூடவே ஐம்பது பேர், பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில். எங்கள் தெருவில் அந்தக் கூட்டம் போனதை வேடிக்கை பார்த்த பூக்கார அம்மா, முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். கிருமிக்குப் பயந்தா, ரசீது புத்தகத்துக்குப் பயந்தா என்று கேட்கத் தோன்றியது. ரசீது புத்தகம்தான் என்று நினைக்கிறேன். டூவீலரில் போகிறவர்கள் மாஸ்க்கை முழங்கையில் மாட்டிக்கொண்டு, சிக்னலில் சுகாதார ஆய்வாளரைப் பார்த்ததும் மேலே ஏற்றுவார்களே, அதே கதை.

மாஸ்க்குக்கு எதிராக எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்றும் போட்டுக்கொண்டுதான் போகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கட்டாயம் என்றார்களே, அது சரியான அறிவிப்பு. எந்த இடம், எந்த நாள் முதல், எல்லாம் அதில் இருந்தது.

நான் கேட்பது, விதியை எடுப்பதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் கிடந்த சென்னைக்கு அந்த மார்ச்சில்தான் 200 கவுன்சிலர்கள் பதவியேற்றிருந்தார்கள். ஓட்டுக் கேட்க வந்த வீடுகளுக்கே திரும்பிப் போய் பதில் சொல்ல வேண்டியவர்கள். அபராதம் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவோ கோட்டையிலிருந்து வந்தது.

சான்பிரான்சிஸ்கோவில் 1918 இன்ஃப்ளூயன்சா சமயத்தில் இதே பிரச்சினை வந்தது. நவம்பர் 21 நண்பகல் சைரன் ஊதினார்கள், ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றி ரோட்டில் வீசினார்கள். டிசம்பரில் நோய் திரும்பவும் ஏற, சுகாதார அதிகாரி ஹாஸ்லர் மாஸ்க் வேண்டும் என்றார். நகர மன்றம் ஓட்டெடுத்து முடியாது என்றது. ஜனவரியில் மனம் மாறிச் சரி என்றது. எதிர்ப்பாளர்கள் சங்கமே அமைத்துப் பொதுக்கூட்டம் போட்டார்கள். பிப்ரவரி 1 அன்று விதி போனது. (மேயர் ரால்ஃபே மாஸ்க் இல்லாமல் மாட்டி அபராதம் கட்டியிருக்கிறார். நம் ஊரில் நினைத்துப் பாருங்கள்.) அங்கேயும் குழப்பம் இருந்தது, சண்டை இருந்தது. ஆனால் யார் சரி என்றார்கள், யார் கூடாது என்றார்கள் என்பது ஊருக்கே தெரியும். கோபம் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

‘தொற்று விஷயத்தில் கவுன்சிலருக்கு என்ன தெரியும், டாக்டர்கள் முடிவு செய்யட்டும்’ என்று இங்கே சிலர் சொல்வார்கள். டாக்டர்கள் நிலவரத்தைச் சொல்லட்டும், கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஆனால் தெருவில் போகிறவரிடம் 500 ரூபாய் பிடுங்கலாமா என்பது வைத்தியம் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையே. அதை மாமன்றத்தில் பேசி, ஓட்டெடுத்து, எடுத்தால் எடுத்தோம் என்று அறிவிக்கட்டும். மறுபடி எப்போது வரும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதட்டும். அடுத்த தொற்றுக்கு ரசீது புத்தகம் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு வேலையை முடித்துவிடுங்கள்.