கர்மம் என்றால் தலைவிதி இல்லை

அந்த இழவு வீட்டுப் பேச்சை இந்நேரம் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மைக்கைப் பிடித்தவர் சொல்கிறார்: "எல்லாம் அவரவர் கர்மம். புத்தரே சொல்லியிருக்கிறார்." மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

புத்தர் அப்படிச் சொல்லவில்லை. பாளியில் கம்மம் என்றால் செயல். அதிலும் சேதனையைத்தான், அதாவது மனமறிந்து எண்ணிச் செய்வதைத்தான், கம்மம் என்கிறேன் என்று புத்தர் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் சொல்கிறார். இன்னொரு தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற துறவி நேராகவே கேட்கிறார்: மனிதன் படுவதெல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே, அப்படியா? பித்தம், சிலேத்துமம், வாயு, இம்மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், பராமரிப்புப் பிசகு, தாக்குதல் என்று ஏழு காரணத்தைச் சொல்லிவிட்டு, எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சொல்கிறார் புத்தர். எட்டில் ஒன்று! எல்லாமே முன்வினை என்பது தவறு என்றும் அங்கேயே சொல்கிறார்.

"நீ சைவக்காரி, உனக்கெதற்குப் பௌத்தம்?" என்பீர்கள். துன்பம் எப்படிப் பிறக்கிறது என்று பௌத்தம் காட்டும் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானத்தைப் பேதைமை, செய்கை, உணர்வு என்று தமிழிலேயே வரிசைப்படுத்தியது மணிமேகலை. அது எனக்கும் சொந்தம். முன்வினையைக் காட்டும் புத்தர் உரைகளும் உண்டே என்பீர்கள். உண்டு, சரி. அவை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ளச் சொன்னவை. பிள்ளையின் பிணத்துக்கு முன்னால் தாயைக் குற்றவாளி ஆக்கச் சொன்னவை இல்லை.

இலங்கை மலையகத்தில், மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை, மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அதுவும் கர்மமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு நம் தாத்தா பாட்டியை நாடற்றவர்கள் ஆக்கினார்களே, அது போன பிறவியிலா நடந்தது? கையெழுத்துப் போட்டவர்கள் இந்தப் பிறவியில்தானே இருந்தார்கள்?

எனக்கு எட்டு வயது. மழையில் கொழுந்துக் கூடையோடு அம்மா மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. அங்கே கான், தண்ணீர் வடியும் வாய்க்கால், உடைந்து மாதக்கணக்காகத் தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டித் தரச் சொல்லிக் கேட்டும் தோட்ட நிர்வாகம் ஆள் போடவில்லை. மருந்து கட்டியவர் கூசாமல் சொன்னார்: "உன் கர்மம், யார் என்ன செய்ய?" அம்மா தலையாட்டினார்.

இன்றும் மழை வந்தால் அந்தக் காலைத் தடவிக்கொண்டு, "நான் செஞ்ச கர்மம் பாப்பா" என்கிறார். நீங்க ஒண்ணும் செய்யலம்மா, கான் உடைஞ்சு கிடந்துச்சு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அம்மா நம்புவதில்லை.