பனைமரத்தடியில் நின்று குடித்த பால்

கொலராடோ ஸ்பிரிங்ஸில் நாங்கள் குடியேறிப் பதினொரு வருடம் ஆகிறது. சமையலறை ஜன்னல் வழியே செயென் மலை தெரியும். பனிப்போர் காலத்தில் அந்த மலையைக் குடைந்துதான் வான் பாதுகாப்பு மையத்தை அமைத்தார்கள். 1966இல் வேலை முடிந்தது. ஊருக்குக் கிழக்கே பீட்டர்சன் தளம், அதையும் தாண்டினால் ஷ்ரீவர் தளம், வடக்கே விமானப்படை அகாடமி, தெற்கே ஃபோர்ட் கார்சன். மளிகைக் கடை வரிசையில் சீருடையில் ஒருவராவது நிற்காத நாள் கிடையாது.

எதிர்வீட்டுக்காரருக்கு ராணுவ வளாகத்தில் சிவிலியன் வேலை. சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று 2020இல் இருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். 2021 ஜனவரியில் அந்தத் திட்டம் நின்றது. 2023 ஆகஸ்டில் மறுபடி அளவெடுக்க ஆள் வந்தார்கள். 2025 செப்டம்பரில் மறுபடி நின்றுவிட்டது. ஸ்பேஸ் கமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ அமைப்பின் தலைமையகம் எங்கள் ஊரில் இருக்குமா, அலபாமாவுக்குப் போகுமா என்ற இழுபறிதான் இந்த மூன்று தேதிகளுக்கும் காரணம். அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஸ்பேஸ் ஃபோர்ஸ் வேறு, ஸ்பேஸ் கமாண்ட் வேறு. ஃபோர்ஸ் என்பது தரைப்படை, கடற்படை மாதிரி ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு படை. கமாண்ட் என்பது எல்லாப் படைகளிலிருந்தும் ஆட்களை எடுத்து விண்வெளியில் நடக்கும் பணியை நேரடியாக நடத்தும் தலைமை. ஜிபிஎஸ், ராணுவத் தகவல் தொடர்பு, ஏவுகணை எச்சரிக்கை ஆகியவற்றுக்கான செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது இவர்கள் பொறுப்பு. 1985இல் முதன்முதலில் தொடங்கியபோதும் அதன் தலைமையகம் பீட்டர்சனில்தான் இருந்தது. 2002இல் கலைத்தார்கள். 2019 ஆகஸ்டில் மறுபடி உயிர் கொடுத்தபோது தற்காலிகத் தலைமையகமும் பீட்டர்சன்தான். சுமார் 1,400 பணியிடங்கள். அதில் பெரும்பகுதி என் எதிர்வீட்டுக்காரர் போன்ற சிவிலியன்கள். சீருடைக்காரரை எங்கே போகச் சொன்னாலும் போவார். சிவிலியனுக்கு வேறு வேலை தேடிக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட முடியும். அவர் தங்கிவிட்டால் அவருடைய இருபது வருட அனுபவமும் அவரோடு தங்கிவிடும்.

நிரந்தரத் தலைமையகம் எங்கே என்பதற்கு விமானப்படை ஒரு தேர்வு நடத்தியது. கடைசிச் சுற்றில் ஆறு இடங்கள் இருந்தன. 2021 ஜனவரி 13 அன்று முடிவு வந்தது: அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில் ஊரில் உள்ள ரெட்ஸ்டோன் ஆர்சனல் என்ற ராணுவத் தளம். டிரம்ப் பதவியை விட்டு இறங்க ஒரு வாரம்தான் பாக்கி. மதிப்பெண் பட்டியலில் ஹன்ட்ஸ்வில்தான் முதலிடம் என்று விமானப்படை சொன்னது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் அலபாமா வானொலி நிகழ்ச்சி ஒன்றில் டிரம்ப், தான் ஒற்றை ஆளாக நின்று அதை அலபாமாவுக்குக் கொடுத்ததாகச் சொன்னார். மதிப்பெண் போட்டவர்களின் உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் கெட்டது.

இங்கே ஹன்ட்ஸ்வில்லுக்கு நியாயம் செய்தாக வேண்டும். எங்கள் ஊரில் சிலர் அதை ஏதோ பட்டிக்காடு மாதிரி பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. 1950இல் வெர்னர் வான் பிரவுனின் குழு டெக்சாஸிலிருந்து அங்கே வந்தது. (ஹிட்லரின் ஜெர்மனிக்கு ராக்கெட் கட்டிக் கொடுத்தவர் அவர். அந்தக் கணக்கு தனி, அதை யாரும் மறந்துவிடக் கூடாது.) 1960இல் நாசாவின் மார்ஷல் மையம் அங்கே அமைந்தது. மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் அங்கே உருவானது. இன்று தரைப்படையின் ஏவுகணைப் பணிகள், ஏவுகணைப் பாதுகாப்பு முகமையின் பெரும்பகுதி எல்லாம் அங்கேதான். வீட்டு விலை எங்கள் ஊரைவிடக் குறைவு, கட்டடச் செலவும் குறைவு. ஆக, தகுதி இருக்கிறது. அந்தத் தகுதி வந்த வழியிலும் அரசியல் இருந்தது என்பதும் உண்மை. வான் பிரவுன் குழு அங்கே வந்ததில் அலபாமா செனட்டர் ஜான் ஸ்பார்க்மனுக்குப் பங்கு உண்டு. பிற்காலத்தில் செனட்டில் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஷெல்பி அந்த ஊருக்குக் கொண்டுவந்தவை ஏராளம். தன் மாநிலத்துக்குக் கேட்டு வாங்குவது செனட்டரின் வேலை. அதை நான் குறை சொல்லவில்லை. என் செனட்டர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

சரி, இரண்டாவது தேதி. 2022இல் இரண்டு விசாரணை அறிக்கைகள் வந்தன. பென்டகனின் தலைமை ஆய்வாளர், ஹன்ட்ஸ்வில்லைத் தேர்ந்தது நியாயமான முடிவுதான் என்றார். நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் கொடுக்கும் தணிக்கை அலுவலகமோ, தேர்வு நடந்த முறையில் வெளிப்படைத்தன்மையும் நம்பகத்தன்மையும் போதவில்லை என்றது. 2023 ஜூலை 31 அன்று பைடன் முடிவை மாற்றினார்: தலைமையகம் கொலராடோவிலேயே இருக்கும். அப்போதைய தளபதி ஜெனரல் ஜேம்ஸ் டிக்கின்சன், இடம் மாறினால் ஆயத்தநிலை பாதிக்கும் என்று சொன்னதுதான் காரணம் என்றார்கள். அன்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஆனால் அந்த வருடம் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். அலபாமா செனட்டர் டாமி டூபர்வில், கருக்கலைப்புக்காக வேறு மாநிலம் போகும் ராணுவத்தினருக்குப் பயணச் செலவு கொடுக்கும் பென்டகன் கொள்கையை எதிர்த்து, உயர் அதிகாரிகளின் பதவி உயர்வுகளை மாதக்கணக்கில் முடக்கி வைத்திருந்தார். 400க்கும் மேற்பட்ட அதிகாரிகள் காத்துக் கிடந்தார்கள். அலபாமாவில் கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. இவற்றுக்கான பதிலடிதான் பைடனின் முடிவு என்று அலபாமாக்காரர்கள் சொன்னார்கள். வெள்ளை மாளிகை இல்லவே இல்லை என்றது. டிக்கின்சன் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது, இன்றும் படுகிறது. ஆனாலும் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் ஒருவர் என்னிடம் ‘இதில் அரசியலே இல்லை என்று சத்தியம் பண்ணு’ என்று கேட்டால் என்னால் பண்ண முடியாது.

மூன்றாவது தேதி 2025 செப்டம்பர் 2. தலைமையகம் ஹன்ட்ஸ்வில்லுக்கே போகும் என்று டிரம்ப் வெள்ளை மாளிகையில் அறிவித்தார். அலபாமாவில் தான் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததையும் அங்கேயே பேசினார். அதோடு, கொலராடோவில் எல்லோருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்புகிறார்கள், இந்த முடிவுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம் என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு மனசு உண்மையிலேயே வலித்தது. செயற்கைக்கோளைக் காப்பாற்றும் தலைமையகம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும், என் வீட்டுத் தபால்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? 2013இல் கொண்டுவந்த சட்டப்படி இந்த மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு வீட்டுக்கே வருகிறது. நேரில் போய் ஓட்டுப் போட விரும்புகிறவர்கள் இப்போதும் போடலாம். அந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்றால் அதை எதிர்த்துப் பேசலாம், வழக்குப் போடலாம். அதற்கான தண்டனையாக ராணுவத் தலைமையகத்தைப் பெயர்த்து எடுப்பது எந்த வகையில் சரி? அதிலும் பாருங்கள், கொலராடோ ஸ்பிரிங்ஸ் இருக்கும் எல் பாசோ கவுன்ட்டி 2016, 2020, 2024 மூன்று தேர்தல்களிலும் டிரம்புக்குத்தான் அதிக வாக்கு கொடுத்தது. மாநிலத்தின் மீது வந்த கோபம் அவருக்கே ஓட்டுப் போட்ட ஊரின் தலையில் விழுந்திருக்கிறது. கொலராடோவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களில் நான்கு பேர் குடியரசுக் கட்சி, நான்கு பேர் ஜனநாயகக் கட்சி. எட்டுப் பேரும் இரண்டு செனட்டர்களோடு சேர்ந்து இந்த முடிவை எதிர்த்து ஒரே அறிக்கை விட்டார்கள். அக்டோபர் கடைசியில் மாநில அட்டர்னி ஜெனரல் ஃபில் வைசர் வழக்கும் போட்டார். தேர்தலை எப்படி நடத்துவது என்ற மாநிலத்தின் உரிமைக்காக மாநிலத்தைத் தண்டிக்கக் கூடாது என்பது வாதம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் ஊர் அதைக் கள் என்றுதான் சொல்லும். ஹன்ட்ஸ்வில் குடித்தது பாலாகவே இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு மரத்தடியில் நிறுத்திக் கொடுத்த பிறகு, அந்த ஊர் தகுதியால் ஜெயித்தது என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அடுத்து ஆட்சி மாறினால் மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டுமா என்ற கேள்வி அங்கே போய் வீடு வாங்குகிறவர்களுக்கும் இருக்கும். இன்று என் எதிர்வீட்டுக்காரருக்கு இருக்கும் அதே கவலைதான்.

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவே கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. ராணுவத் தளங்களை மூடுவது ஒரு காலத்தில் நடக்காத காரியமாக இருந்தது. எந்தத் தளத்தைத் தொட்டாலும் அந்தத் தொகுதி உறுப்பினர் எழுந்து நிற்பார். சவுத் கரோலினாவின் மெண்டல் ரிவர்ஸ் 1960களில் பிரதிநிதிகள் சபையின் ராணுவக் குழுத் தலைவர். சார்ல்ஸ்டனைச் சுற்றி ராணுவத்தின் ஏதாவது ஒரு கிளை இல்லாத இடமே இல்லை என்னும் அளவுக்குக் கொண்டுவந்து குவித்தார். இதைக் கட்டுப்படுத்தத்தான் 1988இல் தொடங்கி ‘பிராக்’ என்ற ஏற்பாடு வந்தது. ஒரு தனி ஆணையம் அமைப்பார்கள். பென்டகன் கொடுக்கும் பட்டியலை அது அலசும். தளத்துக்கு நேரில் போகும், பொது விசாரணை நடத்தும், பென்டகன் சான்றளித்துக் கொடுக்கும் தரவுகளைச் சரிபார்க்கும். பிறகு வரும் பட்டியலை அதிபரும் நாடாளுமன்றமும் முழுசாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக நிராகரிக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் உருவிக்கொள்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த முறையில்தான் சார்ல்ஸ்டன் கடற்படைத் தளமே 1996இல் மூடப்பட்டது.

அதன் பலம் தெரிய வேண்டும் என்றால் சவுத் டகோட்டா கதையைப் பார்க்க வேண்டும். 2004 செனட் தேர்தலில் ஜான் தூன், அதிபர் புஷ்ஷோடு தனக்கு இருக்கும் நெருக்கம் எல்ஸ்வொர்த் விமானத் தளத்தைக் காப்பாற்றும் என்று பிரசாரம் செய்து ஜெயித்தார். அடுத்த வருடமே பென்டகனின் மூடல் பட்டியலில் எல்ஸ்வொர்த் இருந்தது. கடைசியில் தளம் பிழைத்தது. ஆணையம் கணக்கைப் பார்த்தது, மூடினால் மிச்சமாகும் என்று சொன்ன தொகை நிற்கவில்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அரசியல்வாதியின் நெருக்கத்தால் நடக்காதது, கணக்கால் நடந்தது.

இதே 2005 சுற்றில்தான் தரைப்படையின் ஆயுதங்கள், தளவாடங்களைக் கவனிக்கும் மெட்டீரியல் கமாண்ட் தலைமையகம் வர்ஜீனியாவிலிருந்து ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்தது. அதுவும் ஒரு பெரிய தலைமையகம்தான். அது அலபாமாவுக்குக் கிடைத்த தேர்தல் பரிசு என்று இன்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஊர் அதேதான். கொடுத்த விதம் வேறு.

அந்த முறையையும் அரசியல் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் கலிபோர்னியாவின் மெக்கிளெலன், டெக்சாஸின் கெல்லி ஆகிய இரண்டு விமானப்படைத் தளங்களையும் மூட ஆணையம் சொன்னது. கிளிண்டன் பட்டியலை ஏற்றுக்கொண்டார், ஆனால் அந்த வேலைகளைத் தனியாரிடம் கொடுத்து அங்கேயே தக்கவைக்கப் போவதாக அறிவித்தார். அடுத்த வருடம் அதிபர் தேர்தல், இரண்டும் மிகப் பெரிய மாநிலங்கள். எதிர்க்கட்சி கொதித்தது. அடுத்த சுற்று நடக்கப் பத்து வருடம் ஆனது. 2005க்குப் பிறகு நாடாளுமன்றம் ஒரு சுற்றுக்குக்கூட அனுமதி கொடுக்கவில்லை.

என் கருத்து இதுதான். தளங்களை மூடுவதற்கு இருந்த அந்த முறையைப் புதிய தலைமையகங்களுக்கு இடம் தேர்வதற்கும் சட்டமாகக் கொண்டுவர வேண்டும். தனி ஆணையம், பொது விசாரணை, எல்லோரும் பார்க்கும்படி மதிப்பெண். ஒருமுறை முடிவான பிறகு, அடுத்த அதிபர் நினைத்தாலும் அதே ஆணையத்தின் வழியாகத்தான் மாற்ற முடியும் என்ற பூட்டும் வேண்டும். அப்படி ஒரு தேர்வில் என் ஊர் தோற்றால் நான் வருத்தப்படுவேன், ஆனால் ஏற்றுக்கொள்வேன். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். ஹன்ட்ஸ்வில் அவருக்கும் பிடித்த ஊர்தான், வேலை விஷயமாகப் பலமுறை போயிருக்கிறார். ‘போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன், ஒரு முறை சொல்லிவிட்டுப் பிறகு மாற்றாமல் இருந்தால் போதும்’ என்றார்.

ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அங்கே இதை எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? 2023 முடிவு வந்த அன்று உங்கள் தெருவில் எப்படி இருந்தது? எழுதுங்கள், எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.